இராஜினாமாவின் அடுத்த பகுதி

தென் ஓக்லாந்து செந்தமிழ்ப் பேரவையின் தலைவர் விநாயகமூர்த்தி, சீனத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எதிரானவர். இதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. தைப்பொங்கல் விழாவில் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "காப்பியங்கள் கண்ட இனத்தின் தாய்மார் இன்று எவனோ ஒரு சீனச் சக்கரவர்த்தியின் அந்தப்புரத்தில் போய்க் குந்தியிருக்கிறார்கள்!" என்று முழங்கினார். தாய்மார் பலமாகக் கைதட்டினார்கள். பேச்சு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். அவர்கள் எல்லாரும் பார்க்கிற தொடரில் அன்றைக்கு இரண்டு பகுதிகள் சேர்ந்து வெளியாகியிருந்தன.

அந்தத் தொடர் பாபடோயிட்டோயில் இருந்த விநாயகமூர்த்தியின் வீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. மனைவி அன்னபாக்கியம் மாலையில் அதைப் போட்டுவிட்டு சோபாவில் காலை மடித்து உட்காருவார். வெள்ளிக்கிழமை மட்டும் முடியாது. அன்று பேரவையின் செயற்குழு அவருடைய வரவேற்பறையில்தான் கூடும். தமிழ் எப்படி வளரவேண்டும் என்று ஏழெட்டுப் பேர் கத்துவார்கள். அன்னபாக்கியம் உளுந்துவடை சுட்டு, தேநீர் ஊற்றி, பிறகு கோப்பைகளைக் கழுவுவார். தமிழ் வளர்ந்ததோ இல்லையோ, செயற்குழு வளர்ந்தது. வடையின் தொகையும் கூடிக்கொண்டு போனது.

குளிர்காலம் தொடங்கியபோது விநாயகமூர்த்தி பத்திரிகையோடு வந்து அதே சோபாவின் மறுகோடியில் உட்காரத் தொடங்கினார். அந்த அறையில்தான் ஹீட்டர் இருக்கிறது என்று காரணம் சொன்னார். சில நாளில் பத்திரிகை கொஞ்சம் கீழே இறங்கியது. தொடருக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். அரசிகளும் சேடிகளும் "மாட்சிமை தங்கிய பேரரசே", "என் சிரம் தாழ்ந்த வணக்கங்கள்" என்று ஒரு ஆங்கிலச் சொல் கலக்காமல் பேசினார்கள். செந்தமிழ்ப் பேரவையின் செயற்குழுவில் ஒரு வசனம்கூட அப்படி வந்ததில்லை. ஆகவே தான் பார்ப்பது சீனத் தொடர் இல்லை, கேட்பது தமிழ் என்று விநாயகமூர்த்தி தனக்குத் தானே தீர்ப்பு வழங்கிக்கொண்டார்.

தொடரின் நாயகி லியான் ஷூ. அரண்மனைச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவ வந்தவள். அறிவாலேயே ஏறி ஏறி, அந்தப்புரத்தை நிர்வகிக்கும் பொன் முத்திரையைக் கையில் வாங்கிவிட்டாள். யாருக்கு நஞ்சு வைத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். யாரோடும் சத்தம் போடமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டே எதிரியை விழுத்துவாள். பார்க்கப் பார்க்க விநாயகமூர்த்திக்கு ஒரு உண்மை தெளிவாயிற்று. லியான் ஷூ அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருந்தாள்.

இந்த ஒற்றுமை அவருக்குத் தேவைப்பட்ட நேரமும் வந்தது. பேரவையின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. இத்தனை வருடமும் தலைவர் பதவிக்கு அவரைத் தவிர வேறு பெயர் வந்ததில்லை. இம்முறை உபதலைவர் சரோஜாதேவி போட்டியிடப் போவதாகச் சொல்லிவிட்டார். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற பெண்மணி. நேரத்துக்கு வருவார், நேரத்துக்கு முடிப்பார். அப்படிப்பட்டவர்களால் ஒரு சங்கத்துக்கு என்னென்ன ஆபத்து வரும் என்று விநாயகமூர்த்திக்குத் தெரியும். தலைவர் பதவி போனால் விழாக்களில் குத்துவிளக்கின் முதல் திரி போகும். அழைப்பிதழில் படம் போகும். கோயிலில் "தலைவர் வாறார், வழி விடுங்கோ" என்கிற குரல் போகும். பிறகு அவர் பாபடோயிட்டோயில் வசிக்கும் ஓய்வுபெற்ற நிலஅளவையாளர் ஒருவர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் லியான் ஷூ வழி காட்டினாள். எதிரிகள் அவள்மேல் பழி சுமத்தியிருந்தார்கள். அவள் வாதாடவில்லை. நிறைந்த சபையில் நடந்து வந்து, பொன் முத்திரையைப் பேரரசரின் காலடியில் வைத்தாள். "இதைத் தாங்கும் தகுதி எனக்கில்லை. எனக்கு விடை கொடுங்கள்" என்றாள். சேடிகள் விழுந்து அழுதார்கள். அமைச்சர்கள் விம்மினார்கள். பேரரசர் கண்கலங்கிச் சிம்மாசனத்தில் இருந்து எழுந்தார். அதோடு பகுதி முடிந்தது.

விநாயகமூர்த்தி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னப்பா, அடுத்தது தொடங்குது" என்றார் அன்னபாக்கியம்.

"உந்தக் கண்றாவியை ஆர் பாக்கிறது? எனக்கு அலுவல் இருக்கு" என்று கார்ச் சாவியை எடுத்தார்.

அலுவல் சதாசிவத்தின் வீட்டில். சதாசிவம் பேரவையின் பொருளாளர். தலைவர் தும்மினால் "நூறாயுசு" என்று முதலில் சொல்பவர். அவருடைய மனைவி ஆனந்தவல்லி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஆண்கள் இருவரும் கராஜுக்குள் போய்க் கதைத்தார்கள்.

"நாளைக்கு நான் பதவி விலகுறன் எண்டு சொல்லுவன்" என்றார் விநாயகமூர்த்தி.

சதாசிவத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணை! என்னண்ணை இது?"

"உதைத்தான் நாளைக்குச் சொல்லவேணும். உப்பிடியே. சொன்ன உடன எழும்பி, 'விடமாட்டம்' எண்டு சொல்லு."

"எத்தினை தரம்?"

"மூண்டு தரம். முதல் தரம் நான் மாட்டன் எண்டுவன். ரெண்டாம் தரம் யோசிப்பன். மூண்டாம் தரம், சபையின்ர விருப்பத்துக்குத் தலைவணங்குறன் எண்டுவன். பேந்து சரோஜாதேவி எந்த முகத்தோட போட்டி போடுறது?"

சதாசிவம் வியந்து போனார். "அண்ணை, உங்களுக்கு இது எங்கயிருந்து வருது?"

"அனுபவம்" என்றார் விநாயகமூர்த்தி.

"நான் அழவும் வேணுமோ?"

"வேண்டாம். நீ அழுதால் சனம் சிரிக்கும். தொண்டை கரகரத்தால் காணும். ஒருத்தருக்கும் மூச்சு விடாதை."

சதாசிவம் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் தவறாத மனிதர். மனைவியை மட்டும் அவர் 'ஒருத்தர்' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை.

ஞாயிறு காலை மழை பெய்தது. சனசமூக மண்டபம் ஒரு மணி வரைக்கும் பேரவைக்கு. ஒரு மணிக்கு டொங்கா தீவுக்காரரின் தேவாலயப் பாடகர் குழுவுக்கு. இதனால் பேரவையின் எல்லாக் கூட்டங்களிலும் கடைசி விடயம் அவசரமாகவே முடியும், கடைசி விடயமோ எப்போதும் தேர்தல்தான். விளக்கேற்றினார்கள். தமிழ்த்தாய்க்கு வணக்கம் செலுத்தினார்கள். பிள்ளைகள் பின்வரிசையில் இருந்து ஃபோன் பார்த்தார்கள். செயலாளர் சீதா, கோயம்புத்தூர்க்காரர், அறிக்கையை மூச்சு விடாமல் வாசித்து முடித்தார். தலைவர் உரை வந்தது.

விநாயகமூர்த்தி மெதுவாக நடந்தார். நேற்று லியான் ஷூ நடந்த நடை அது. அவளுக்குப் பட்டு அங்கி இருந்தது, இவருக்கு மூட்டுவலி இருந்தது. தன் மார்பில் குத்தியிருந்த தலைவர் சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என் இனிய உறவுகளே! இந்தச் சின்னத்தைத் தாங்கும் தகுதி எனக்கில்லை. எனக்கு விடை கொடுங்கள்."

மழை கூரையில் விழுவது கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஏதோ அசைந்தது. ஒருவர் மற்றவரைப் பார்த்தார்; அவர் அடுத்தவரை முழங்கையால் இடித்தார். நடுவரிசையில் யாருக்கோ இருமல் வந்தது. அழுகையை அடக்குகிறார்கள் என்று விநாயகமூர்த்தி நினைத்தார். அவருக்கே கண் கலங்கியது.

சதாசிவம் எழுந்தார். "விடமாட்டம் அண்ணை!"

"இல்லைத் தம்பி. என் முடிவு முடிவுதான்" என்றார் தலைவர், தலையைக் குனிந்தபடி.

சதாசிவம் இரண்டாம் முறைக்காகத் தொண்டையைக் கரகரக்கச் செய்தார். அதற்குள் சரோஜாதேவி முன்வரிசையில் எழுந்துவிட்டார். அவருடைய கண்களில் உண்மையாகவே நீர் இருந்தது. அவர் எப்போதும் கதைக்கிற மாதிரிக் கதைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"தங்களைப் பிரிவது எங்கள் நெஞ்சைப் பிளக்கிறது. ஆயினும், எங்கள் நலனுக்காகத் தங்கள் ஓய்வைப் பறிப்பது நன்றிகெட்ட செயல். தாங்கள் கேட்ட விடையை, அழுதுகொண்டே தருகிறோம்."

பெண்கள் பக்கம் முழுவதும் கைதட்டியது. இப்படி ஒரு கைதட்டலை விநாயகமூர்த்தி தன் எந்த உரைக்கும் கேட்டதில்லை. அந்த வசனத்தின் தமிழ் அவருக்கு எங்கேயோ கேட்ட தமிழாக இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"இல்லை, சபை ஒருமுகமா வற்புறுத்தினால்..." என்று தொடங்கினார்.

"சார், நீங்க ஒண்ணும் பேசாதீங்க சார்!" சீதா ஓடி வந்தார். "இத்தனை வருஷமா எங்களுக்காக ஓடிட்டீங்க. இனிமே கண்டிப்பா ரெஸ்ட் எடுக்கணும். ஆமா, சொல்லிட்டேன்!" கையில் இருந்த பொன்னாடையை உதறி அவர் தோளில் போர்த்தினார். எங்கிருந்தோ ஒரு மாலையும் வந்தது.

"அண்ணையை நிரந்தரக் காப்பாளர் ஆக்குவம்!" என்று ஆனந்தவல்லி கத்தினார். காப்பாளருக்கு முன்வரிசையில் தனிக் கதிரை என்று இன்னொரு பெண் சொன்னார். அந்தக் கதிரைக்கு ஒலிவாங்கி இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கை உயர்த்தினார்கள். சதாசிவம் தலைவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு தானும் கையை உயர்த்தினார். சரோஜாதேவி போட்டியின்றித் தெரிவானார். கதவடியில் கித்தாரோடு நின்ற டொங்கா பாடகர்கள், யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து அவர்களும் கைதட்டினார்கள். மணி ஒன்று.

மழை இன்னும் விடவில்லை. காரை அன்னபாக்கியம் ஓட்டினார். விநாயகமூர்த்தி மாலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சதி" என்றார்.

"என்ன சதி? விடை கேட்டீங்கள், குடுத்தினம்."

"கேட்டவுடன குடுக்கிறதே? ஒரு பண்பாடு இல்லையோ? பேரரசர் என்ன செய்தவர்? சிம்மாசனத்தை விட்டு எழும்பினவர்!"

வாயில் இருந்து வந்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது. அன்னபாக்கியம் சிக்னல் போட்டு, நிதானமாகத் திரும்பினார்.

"ஓம். ஏன் எழும்பினவர்?"

"தடுக்கத்தான்."

"நீங்கள் அதோட எழும்பிப் போயிட்டீங்கள். அடுத்தது பாக்கேல்லை. நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள்."

வீட்டுக்கு வந்ததும் அவர் பத்திரிகையை எடுக்கவில்லை. ஹீட்டரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. சோபாவின் நடுவில் உட்கார்ந்து, "போடு" என்றார். அன்னபாக்கியம் போட்டார்.

பேரரசர் சிம்மாசனத்தில் இருந்து எழுந்தார். படிகளில் இறங்கினார். முத்திரையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். "உன்னைப் பிரிவது என் நெஞ்சைப் பிளக்கிறது. ஆயினும், என் நலனுக்காக உன் ஓய்வைப் பறிப்பது நன்றிகெட்ட செயல். நீ கேட்ட விடையை, அழுதுகொண்டே தருகிறேன்" என்றார்.

விநாயகமூர்த்தி கண்ணை மூடித் திறந்தார்.

லியான் ஷூ குனிந்து வணங்கினாள். நீண்ட தாழ்வாரங்களைக் கடந்து போனாள். கடைசி வாசலுக்கு வெளியே ஒரு குதிரை வண்டி, மூட்டை முடிச்சுகளோடு, எப்போதோ ஆயத்தமாக நின்றது. அவள் ஏறி உட்கார்ந்து முதன்முறையாகச் சிரித்தாள்.

"பாவி, இவ போகத்தானே விரும்பியிருக்கிறா!" என்றார் விநாயகமூர்த்தி.

"பின்ன? அங்க இருந்து ஆயுள் முழுக்க ஆருக்கோ தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருக்கவோ?" அன்னபாக்கியம் காலை மடித்து வசதியாக உட்கார்ந்தார். "செயற்குழு இனிச் சரோஜாதேவி வீட்டிலயாம். வெள்ளிக்கிழமையும் பாக்கலாம்."

விநாயகமூர்த்தி தோளில் கிடந்த பொன்னாடையைக் கழற்றினார். மடிக்கப் போனபோது ஓரத்தில் ஒரு தேநீர்க் கறை தெரிந்தது. அவருக்குத் தெரிந்த கறை. போன வருடக் கலைவிழாவில் பிரதம விருந்தினர் கதிரையில் விட்டுவிட்டுப் போன பொன்னாடை. இன்னொருவருக்கு ஆகும் என்று அவரே எடுத்து வந்து, படுக்கையறை அலுமாரியில் மற்றப் பொன்னாடைகளோடு பூட்டி வைத்தது. அலுமாரிக்கு ஒரு சாவிதான். அது எந்நேரமும் அன்னபாக்கியத்தின் கைப்பையில் கிடக்கும்.

அவர் பொன்னாடையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அன்னம், இது காலமை எங்கட அலுமாரியில எல்லோ இருந்தது?"

அன்னபாக்கியம் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினார்.

"சும்மா இருங்கோப்பா" என்றார். "அவ ஏதோ கதைக்கப் போறா."