எழவு வீட்டில் சொன்னது

எழவு வீட்டில் அழுதுகொண்டே சொல்வதை ஒருவன் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டிருப்பான் என்று யார் கண்டது? லாரிக்காரனுடைய இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் குறித்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையை வைத்தே என்னை மடக்கிப் போட்டார்கள்.

தாமரைப்பாடி தாண்டி நடந்த விபத்துக்கு டாக்சி ஓட்டிய மீரானின் கவனக்குறைவே காரணம், அதை அவரே பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டிருக்கிறார், எனவே கம்பெனி பொறுப்பேற்காது என்று மதுரையிலிருந்து தபால் வந்தது. மீரான் நான்தான். திண்டுக்கல் டாக்சி ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் வண்டி போடுகிற சனாவுல்லா அதைப் படித்துச் சொன்னார்.

"எங்கப்பா ஒத்துக்கிட்டே?"

"கேதத்துக்குப் போனப்ப சொன்னேன் பாய்."

"என்னன்னு?"

"நான்தான் கொன்னுட்டேன்னு."

சனாவுல்லா தலையில் அடித்துக்கொண்டார். மதுரைக்காரனுக்குத்தான் தெரியாது என்றால், தினம் நாலு சாவு வீட்டுக்குச் சவாரி போகிற இவருக்குமா தெரியாது என்று எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் அப்படித்தான் பேசுவோம். மருந்து வாங்கப் போன மகன், 'செத்த நேரம் முந்தி வந்திருந்தாப் பொழைச்சிருப்பாளே, பாவி நான் கொன்னுட்டேனே' என்று அழுவான். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தங்கச்சியும் அதையேதான் சொல்லி அழுவாள். ஒரு சாவுக்கு நாலைந்து பேர் கொலைகாரர் ஆவோம். அதற்காக யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை. 'நீ என்னப்பா பண்ணுவே' என்று யாராவது தோளைத் தொடுவார்கள். அந்தக் கைக்காகத்தான் சொல்வது.

செத்துப்போனது கருப்பம்மாள் அக்கா. வடமதுரைக்குப் பக்கத்தில் வெங்காயம் போடுகிற நல்லுசாமி அண்ணனின் சம்சாரம். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோக என் பழைய பிளைமவுத்தை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். சீரை இறக்கிவிட்டு, கல்யாணம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நடந்தது. பட்டப்பகல், நேரான பாதை. எதிரே வந்த லாரி திடீரென்று என் பக்கம் ஏறியது. நான் இடதுபக்கம் ஒடித்தேன். என் கதவு தப்பியது, பின்கதவைக் கிழித்துக்கொண்டு லாரி போனது. எனக்கு நேர் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் இருந்த அண்ணனுக்குக் கை முறிந்ததோடு சரி.

நான் லாரிக்காரனைச் சொன்னேன், அவன் என்னைச் சொன்னான். அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார், வேறு சாட்சி இல்லை என்று போலீஸ் கைகழுவிவிட்டது. கம்பெனி மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு நின்றால் வண்டி பட்டறையிலேயே துருப்பிடித்துப் போகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆளைக் கொன்றவன் என்று ஊர் என்னைக் கைகாட்டும், அதை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுவிசாரணை கேட்டு எழுதிப்போட்டேன்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்ததும் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கையோடு அவர் எப்படித் தண்ணீர் சேந்துவார், எப்படி உலை வைப்பார்? பிள்ளைகுட்டியும் இல்லை. நான் போய்ச் சோறாக்கி வைப்பேன். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு ஆரம்பிப்பார்.

"வெஞ்சனத்துல உப்பு இருக்கா பாரு. கார் ஓட்டுன லட்சணம்தான் கைல இருக்கும்."

"அடுத்த வாட்டி போடுறேண்ணே."

"அடுத்த வாட்டி வேற வருவியா? அவளை முழுங்குனது பத்தாதா? என்னையும் முழுங்கணுமா?"

பேசி முடித்துவிட்டு என் தட்டைப் பார்த்து, "இன்னும் போட்டுக்க, பஸ்ஸுக்கு நேரமிருக்கு" என்பார். கை சேர்ந்து கட்டைப் பிரித்த பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை, அவரும் திட்டுவதை நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது. என் சம்சாரம் ஜெய்தூன் பீவி பிரசவத்தில் போன பிறகு பேகம்பூரில் என் அறையில் உப்பைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. வியாழக்கிழமை வந்துவிட்டால் மனசு வடமதுரைப் பக்கம் போய்விடும்.

மறுவிசாரணைக்குத் தேதி வந்தது. அதில்தான் தெரிந்தது, கம்பெனிக்காரன் முன்பே அண்ணனையும் விசாரித்திருக்கிறான். 'நான் தூங்கிட்டேன், எதையும் பாக்கல' என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. லாரி வருவதற்குச் சற்று முன்னால்தான் அவர், 'மீரான், வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்' என்றார். தூங்குகிற மனுசன் காப்பிக்குக் கூப்பிடுவானா?

அந்த வெள்ளிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"தூங்கிட்டேன்னுதானே சொன்னேன்."

"காப்பிக்குக் கூப்பிட்டீகளே அண்ணே. அம்புட்டும் மறந்துபோச்சா? லாரி எந்தப் பக்கம் வந்துச்சுன்னு நீங்க பாத்தீக. இம்புட்டு நாளும் நீங்க வஞ்சதையெல்லாம் வாங்கிக்கிட்டேன். ஒரே ஒரு தடவை நெசத்தைச் சொல்லுங்க, போதும்."

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். "போயிட்டு வா" என்றார். திட்டவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை, கோபத்தில் இருந்தேன்.

விசாரணை கம்பெனி ஏஜெண்டின் மாடி அறையில் நடந்தது. மதுரை ஆபீசர் நல்ல மனுசர்தான், ஆனால் நான் என்ன சொன்னாலும், "நீங்களே கொன்னுட்டேன்னு சொல்லியிருக்கீங்களே" என்ற இடத்துக்கே வந்து நின்றார். எழவு வீட்டுப் பேச்சை அவருக்கு விளங்க வைக்க என்னால் ஆகவில்லை. அவர் வீட்டில் யாரும் செத்ததே இல்லையோ என்னவோ. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தபோது நல்லுசாமி அண்ணன் படியேறி வந்தார். வெளுத்த சட்டை, நெற்றி நிறையத் திருநீறு.

"நான் தூங்கலிங்கய்யா. லாரிதான் எங்க பக்கம் ஏறி வந்துச்சு. மீரான் மேல தப்பே இல்ல. அவன் ஒடிக்கலைன்னா மூணு பேரும் போயிருப்போம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆபீசர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"அப்புறம் ஏன் முதல்ல தூங்கினேன்னு சொன்னீங்க?"

"தூங்குனேன்னா அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கள்ல." அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வத்தலக்குண்டுல ஏறினப்ப வலது பக்கம் நான்தான் உக்காந்திருந்தேன். திண்டுக்கல்லுல வண்டிக்குத் தண்ணி ஊத்த மீரான் நிறுத்துனான். எறங்கி வெத்தலை வாங்கிப் போட்டேன். வலது பக்கமிருந்து துப்புனா எதிர்ல சைக்கிள்ல வாரவன் மேல படும். நீ இங்கிட்டு வா, நான் ஓரமா உக்காந்துக்கிறேன்னு அவளை எந்திரிக்கச் சொன்னேன். அவளுக்கு மாற இஷ்டமில்ல, வெயில் அடிக்குதுன்னா. ஒரு அதட்டுப் போட்டேன். மாறி உக்காந்தா."

நான் அப்போது பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். இடம் மாறியது எனக்குத் தெரியவே தெரியாது.

"அதெல்லாம் வேணாங்க. விபத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று ஆபீசர் பேனாவை மூடினார்.

"இல்லிங்கய்யா, எழுதுங்க. மீரான் கொன்னேன்னு சொன்னதை எழுதுனீகள்ல. நான் சொல்றதையும் எழுதுங்க. நான்தான் கொன்னேன்."

ஆபீசர் எழுதவில்லை. நான் ஓடிப்போய் அண்ணன் தோளைப் பிடித்தேன். "நீங்க என்னண்ணே பண்ணுவீக" என்றேன். அவர் என் கையை எடுத்துக் கீழே விட்டுவிட்டு, படியிறங்கிப் போனார்.

தீர்ப்பு மாறியது. விபத்துக்கு லாரியே காரணம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. ஸ்டாண்டில் சனாவுல்லா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வண்டி பட்டறையிலிருந்து புதுக் கதவோடு வந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் பஸ்ஸில் போகவில்லை, வண்டியிலேயே வடமதுரைக்குப் போனேன்.

அண்ணன் வாசலில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். வண்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் உள்ளே போய் உலை வைக்கப் போனேன். அடுப்பு அணைந்து சாம்பலாகக் கிடந்தது, சோறு ஆக்கி இறக்கியிருந்தார். ஒருத்தருக்கு அளவான சோறு.

"சாப்பிட்டீகளா அண்ணே?"

"ஆச்சு. நீ எதுக்கு வந்தே மீரான்?"

எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். ஆனால் இந்தத் தடவை குரலில் திட்டு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"சும்மாதான். உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு."

"உன் மேல தப்பில்லைன்னு ஆயிருச்சு. இனி இங்க உனக்கு என்ன வேலை?" அரிவாளைக் கீழே வைத்தார். "உன்னை வஞ்சுக்கிட்டு இருந்தவரைக்கும் எனக்குப் பொழுது போச்சு. வெள்ளிக்கிழமை வந்தா வையலாம்னு எந்திரிப்பேன். இப்ப உன்னைப் பாத்தா அந்த வெத்தலைக் கடைதான் கண்ணுக்குள்ள நிக்குது. வராத, அப்பு."

வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஜெயித்துவிட்டு இப்படி நிற்போம் என்று நான் நினைக்கவேயில்லை. பேகம்பூர் அறையும், அதில் சுருட்டி வைத்த பாயும் ஞாபகம் வந்தது. பயமாக இருந்தது.

"தப்பு என் மேலதாண்ணே" என்றேன். "நான் இன்னும் செத்த மெதுவா வந்திருந்தா லாரி தாண்டிப் போயிருக்கும். நான்தாண்ணே. வையுங்க."

அவர் என்னையே பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது, இதோ திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதான் இல்லைன்னு நானே சொல்லிட்டேனே மீரான்" என்றார் அண்ணன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.