மேலே என்றால் எங்கே?

"மேலேன்னுதானேம்மா சொன்னே? மேலேயே இறக்கியாச்சு. இன்னும் என்ன?"

"அண்ணே, மேலேன்னா மலை மேலே!"

"ஆத்துல போறவனுக்கு ஏதும்மா மலை? தண்ணி வர்ற பக்கம் மேலே, போற பக்கம் கீழே. எங்களுக்கு அவ்வளவுதான்."

படகுக்காரர் சொன்னதில் ஒரு குற்றமும் காண முடியவில்லை. ரொட்டிக்காரிக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் வாடகைக்கு எடுத்த கடை மலையுச்சியில். அதற்கு வாங்கிய அடுப்பு மலையடித் துறையில் இறங்கி, சரக்கு ஏற்றும் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கடை வாசலுக்கே வந்திருக்க வேண்டும். அவரோ அந்தத் துறையைத் தாண்டி, நீரோட்டத்தை எதிர்த்து, படகு போகக்கூடிய கடைசி இடம்வரை அதைக் கொண்டுவந்துவிட்டார். கரையில் யானைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது புது இரும்பு அடுப்பு.

"இறக்கினவங்களைக் கூப்பிடுங்க. திரும்பப் படகுல ஏத்திடலாம்."

"அவங்க பயணிங்கம்மா. பாவம்னு கை கொடுத்தாங்க. பஸ் ஏறிப் போய்ட்டாங்க. நாளைக்குப் பார்க்கலாம்."

"நாளைக்கா! கடையில மாவு பொங்கி நிக்குது. இன்னிக்குத் திறப்புவிழான்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கேன்."

அவளுடைய கணவன், வேன் ஓட்டுபவன், அடுப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"என் வண்டியில ஏத்தினா, கொண்டை ஊசி வளைவுல முன்சக்கரம் ரெண்டும் வானத்தைப் பார்க்கும். நீ முன்னாடி உட்கார்ந்தா வேணும்னா சமாளிக்கலாம்."

"என் வெயிட்டையா சொல்றீங்க?"

"உன் கோபத்தைச் சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. பாறை மேல் போய் உட்கார்ந்தாள். மாவுக்குக் காத்திருக்கத் தெரியாது. மதியத்துக்குள் சுடாவிட்டால் புளித்துப் படுத்துவிடும். முதல் நாளே கதவு மூடிக் கிடக்கும் கடைக்கு மறுநாள் யார் வருவார்கள்?

எதிரே ஆறு பாறைகளுக்குள் நுழைந்து நுரைத்துக்கொண்டிருந்தது. கீழிருந்து வரும் படகுகள் இதைத் தாண்ட முடியாது. மேலிருந்து மிதந்து வரும் மரக்கட்டைகளும் தாண்ட முடியாமல் பாறைகளில் ஒதுங்கி, வெயிலில் காய்ந்து கிடந்தன. போக்கிடம் இல்லாததெல்லாம் ஒன்றுகூடும் இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதில் தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த படகு வந்தது. மூட்டைகள், ஒரு சைக்கிள், கூடைக் கோழிகள், பத்துப் பதினைந்து பேர். அடுத்த பஸ் மதியத்துக்குத்தான். இறங்கியவர்கள் சாமான்களின் மேலேயே உட்கார்ந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அடுப்பைச் சுற்றிவந்து, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அடுப்பு இருக்கு. சாப்பிட என்னக்கா இருக்கு?"

ரொட்டிக்காரி பாறையிலிருந்து எழுந்தாள். மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அடுப்புதானே ஏறாது? மாவு இறங்குமில்ல?"

அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே ஓடினான்.

அவன் மாவுத் தொட்டிகளோடு திரும்பியபோது, குழந்தைக்காரி உட்பட பாதிப் பேர் கட்டை பொறுக்கிப் போட்டதில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. "கடைக் கதவுல எழுதிப் போட்டுட்டு வந்திருக்கேன்," என்றான் மூச்சிரைக்க. "அடுப்பு ஏற மறுக்கிறது, நீங்கள் இறங்கி வரவும்னு."

முதல் ரொட்டிகள் உப்பி, பொன்னிறமாக வெளியே வந்தன. கை சுடுகிறது என்று கத்திக்கொண்டே எல்லாரும் வாங்கினார்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து, யாரும் அசையாததால் தானும் இறங்கி வரிசையில் நின்றார். மலையிலிருந்து ஒரு கூட்டமே நடந்து வந்தது. "ஏன்மா, கடைக்கு வழி கேட்டா மூக்கைக் காட்டுறாங்க!" என்றார் ஒருவர். ரொட்டிக்காரி அப்போதுதான் சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை.

படகுக்காரர் கரையோரக் கொட்டகையில், தன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து மூன்றாவது ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். சவாரிகளுக்கு நடுவே குட்டித்தூக்கம் போட அவருக்கிருக்கும் ஒரே இடம் அது. நல்ல கூரை. அடுப்பு நுழையும் அளவுக்கு அகலமான வாசல்.

அவள் மாவுக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாலாவது ரொட்டியோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, இனிமே நீங்க படகிலேயே தூங்கிக்கிறீங்களா?"