பேய்ப்பூவைத் தேடிப் போன காலை

எந்தப் பள்ளத்தாக்கு என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். போரெகோ பாலைவனத்தில் பூப்படம் எடுக்க அலைகிற எங்கள் கூட்டத்துக்கு இருக்கிற சட்டம் அது ஒன்றுதான். பூ நிற்கும் இடத்தை எழுதியும் வைப்பதில்லை, தொலைபேசியில் சொல்வதும் இல்லை. வேண்டியவர்களாக இருந்தால் கூடவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம். ஒரு புண்ணியவான் படத்தோடு இடத்தையும் ஊருக்கெல்லாம் காட்டப் போய், அடுத்த வாரமே அந்தச் சரிவில் பூ இருந்த இடமெல்லாம் செருப்புத் தடமாகிவிட்டது. அந்த ஆளோடு எங்களில் யாரும் இன்றுவரை பேசுவதில்லை.

அந்த மார்ச் மாதக் காலையில் என் சிநேகிதி டெல்ஃபினாவை நான் கூட்டிக்கொண்டு போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்கள் நன்றாகத் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாளோ அதன் நடுவில் மட்டும் புகை படிந்தது போல இருக்கும். அந்தப் புகை பெரிதாகிக்கொண்டே வருகிறது, அடுத்த வசந்தத்துக்குள் என்ன மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டிய பெண், மலைச் சாலையில் கண்ணாடியைப் பார்த்தே பின்சீட்டுச் சண்டைகளைத் தீர்த்துவைத்தவள்.

"வீட்டுல சொன்னது தப்பாப் போச்சுடி ரோவீனா. என் தட்டுல இருக்கற கறியை என் பொண்ணே வெட்டித் தர்றா. மாப்பிள்ளை என்கிட்ட கத்திப் பேசறான். கண்ணு போனா காதும் கூடவே போயிடும்னு நெனப்பு. நீயாவது அப்படி ஆயிடாதே."

"உனக்குப் பாவம் பார்க்கறதுதான் எனக்கு வேலையா?" என்றேன்.

"அதுக்குத்தான் உன்கிட்ட சொல்றேன்."

நான் பல் மருத்துவமனையில் ஊரார் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தே ஓய்வு பெற்றவள். தினமும் ஒழுங்காகத் துலக்குகிறேன் என்று பொய் சொல்லும் வாய்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மழுப்பல் என்றாலே ஆகாமல் போய்விட்டது. நடை முடிந்து திரும்பினால் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் தின்றுகொண்டே நானும் அவளும் கேமராவை மாற்றிக்கொள்வோம். அவள் படங்களில் பாதியைக் குப்பை என்பேன். என்னுடையதில் முக்கால்வாசியை அவள் அப்படிச் சொல்வாள். இத்தனை வருஷ சிநேகத்தில் அந்த நேரம்தான் எங்கள் இருவருக்கும் ரொம்பப் பிடித்தது.

அவள் இதுவரை பார்க்காத பூ ஒன்று பாக்கி இருந்தது. பேய்ப்பூ. மகளுக்குப் பிரசவம் பார்க்க அவள் போயிருந்த ஒரு வசந்தத்தில் நான் தனியாக அதைப் பார்த்துவிட்டு வந்தேன். நான் இல்லாமல் பார்த்தது செல்லாது என்று வருஷா வருஷம் சண்டை பிடிப்பாள். இந்த வருஷம் சண்டை பிடிக்கவில்லை, காட்டு என்று மட்டும் கேட்டாள்.

வறண்ட ஆற்றுப்படுகையில் நடந்தோம். கல்லில் கால் வை, வெறும் மணலில் கால் வை, பச்சையாக எது தெரிந்தாலும் தாண்டு. அதுதான் எங்கள் நடை. இரவெல்லாம் விழித்திருந்த வெள்ளைப் பூக்கள் வெயில் ஏற ஏற இளஞ்சிவப்பாகி மூடிக்கொண்டிருந்தன. சரிவுகளில் மஞ்சள், கீழே மணல் முழுக்க ஊதா. காற்றில் தேனும் தூசியும் கலந்த ஒரு வாசனை இருந்தது. அந்த வாசனையில் கொஞ்ச நேரம் நடந்தால் எனக்குக் கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

டெல்ஃபினா எதையும் நேராகப் பார்க்கவில்லை. பூவைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் பாறையைப் பார்ப்பாள், என்னைப் பார்க்க வேண்டுமென்றால் என் தோளுக்கு அப்பால் பார்ப்பாள். அங்கே யாரோ நிற்பது போலவும் அவர்களோடு அவள் பேசுவது போலவும் இருந்தது. நானும் ஒரு முறை அப்படிப் பார்த்தேன். ஓரக்கண்ணில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் மெல்ல மிதந்தது. எங்கும் வெளிச்சம், எதற்கும் விளிம்பில்லை.

"பேய்ப்பூ மேல எனக்கு ஏன் இவ்ளோ ஆசை தெரியுமா?" என்றாள். "அது ஒரு நம்பர் ஒன் பித்தலாட்டக்காரி. அதுகிட்ட ஒரு சொட்டுத் தேன் கெடையாது. பக்கத்துல இருக்கற நட்சத்திரப்பூவோட மூஞ்சியை அப்படியே மாட்டிக்கிட்டு நிக்குது. தேனீ நம்பி உள்ள போகும், ஒண்ணும் இல்லைன்னதும் உடனே வெளிய வந்துடும்."

"உன் மொத புருஷன் மாதிரி."

"அவன் மூஞ்சியும் நல்லா இருக்காதேடி!"

அவள் சிரித்த சிரிப்பில் ஒரு பல்லி பாறைக்கடியில் ஓடி ஒளிந்தது.

படுகை திரும்பும் இடத்தில் கறுத்த பாறைகளுக்குக் கீழே நான் முன்பு பார்த்த இடம் இருந்தது. போய் நின்றேன். பேய்ப்பூ ஒன்றுகூட இல்லை. மழை பிந்திய வருஷம், விதைகள் மண்ணுக்குள் தூங்குகின்றன போலும். நட்சத்திரப்பூக்கள் மட்டும் நின்றன. அதே வெளிறிய மஞ்சள், வெயில் ஊடுருவும் அதே இதழ்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பூவின் நடுவில்தான் இருக்கிறது. பேய்ப்பூவின் உள்ளே சிவப்புப் புள்ளிகள் தெளித்திருக்கும், இதில் மகரந்தத் தாள்கள் கற்றையாக நிற்கும். நடுவில் இருப்பதுதான் டெல்ஃபினாவுக்குத் தெரியாதே.

"இருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். குரலில் அப்படி ஒரு ஆசை.

"இருக்கு," என்றேன். "வா."

ஏன் சொன்னேன் என்று கேட்டால் நெஞ்சு தாங்கவில்லை என்பதுதான் பதில். அவளை அவ்வளவு தூரம் நடக்க வைத்துவிட்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் முதலில் மணலைக் கையால் தடவி, முளை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு குப்புறப் படுத்தாள். நான் மண்டியிட்டுத் தொப்பியால் பூவுக்கு நிழல் பிடித்தேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, பூவுக்கு அந்தப் பக்கம் பார்த்து, இந்தப் பக்கம் பார்த்து, காற்று நிற்கும்வரை மூச்சை அடக்கிப் படம் எடுத்தாள். பிறகு கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தை மணலில் சாய்த்துக்கொண்டாள். பார்க்கக் குழந்தை தூங்குவது போல இருந்தது. எனக்கும் கண் செருகியது. பொய்யும் உண்மையும் அந்த வெயிலில் ஒன்றாகவே உருகிக் கிடந்தன, நானும் சந்தோஷமாகவே இருந்தேன்.

ஒரு தேனீ வந்தது. ரீங்காரம் பூவுக்குள் போய் நின்றது. நின்றே இருந்தது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து பக்கத்துப் பூவுக்குள் நுழைந்தது, அங்கேயும் அவசரப்படவில்லை. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து முதல் பூவில் இறங்கியது.

டெல்ஃபினா கண்ணைத் திறக்கவில்லை.

"ரோவீனா."

"என்னடி?"

"தேனீ பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

நான் தொப்பியை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.

"இது பேய்ப்பூ இல்லை, அப்படித்தானே?"

"இல்லை."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளுக்கு அப்பால் பார்த்தாள், அதாவது என்னைப் பார்த்தாள்.

"என் ரெண்டாவது கல்யாணத்தன்னைக்கே இவன் வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ நீ. என் தலைமுடிச் சாயத்தைப் பார்த்து பூட்ஸ் பாலிஷான்னு கேட்டவ. ஒரு நாளும் எனக்காக ஒரு பொய் சொன்னதில்லை." அவள் குரல் உடைந்தது. "நீயே பொய் சொல்ற அளவுக்கு ஆயிட்டேனா நான்?"

அந்தக் கேள்வி என்னை அறைந்தது. தட்டில் கறியை வெட்டிக் கொடுத்த கைக்கும் என் கைக்கும் என்ன வித்தியாசம்? அழுதால் அதையும் பாவம் பார்ப்பதில் சேர்த்துக்கொள்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன், அவள் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"அதெல்லாம் வேண்டாம். நடுவுல என்ன இருக்கு, அதைச் சொல்லு. இருக்கறதை மட்டும் சொல்லு."

நான் குப்புறப் படுத்தேன். "தாள் தாளா நெறைய நிக்குது, பழைய பல் துலக்கற பிரஷ் மாதிரி. மஞ்சத்தூள் கொட்டிக் கெடக்கு. ஒரு எறும்பு வழி தெரியாம சுத்துது. ஒரு இதழை ஏதோ புழு கடிச்சிருக்கு. அவ்ளோ பெரிய அழகி எல்லாம் கெடையாது."

அவள் வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். புழு கடித்ததைச் சொன்னபோது உதடு லேசாக விரிந்தது.

பிறகு கேமராவை என்னிடம் நீட்டினாள். வண்டிக்குத் திரும்பும் முன் நாங்கள் ஒருநாளும் மாற்றிக்கொண்டதில்லை.

"படம் எப்படி வந்திருக்கு?"

திரையை நிழலில் பிடித்துப் பார்த்தேன். பூ இருந்த இடத்தில் மங்கிய மஞ்சள் கறை ஒன்று. அதன் பின்னால் ஒரு கல், அதன் ஒவ்வொரு துகளையும் எண்ணிவிடும்படி அத்தனை துல்லியமாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"குப்பை," என்றேன். "பூவை விட்டுட்டுப் பின்னால இருக்கற கல்லைப் படம் புடிச்சிருக்கே."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதையும் துடைக்கவில்லை.

"கல்லாவது நல்லா விழுந்திருக்காடி?"

"கல்லு பிரமாதம்," என்றேன்.

அது உண்மை.