ரிப்பேர் டாக்டரின் பேனா

தடைச் சட்டம் வந்த அன்று நான் போட்ட குதியில் கீழ்வீட்டு மின்விசிறி கழன்று விழுந்தது. விழவே இல்லை என்று அந்த வீட்டுக்காரர் சாதிக்கிறார். அவருக்கு என்ன தெரியும்! நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். புறப்பட்டுப்போன ரயிலையே பின்னோக்கி வரவழைத்த குரல் இது. அந்தக் குரலில் மாடிப்படியில் நின்று செய்தியை வாசித்தேன்: ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் 'மாற்றுகிறேன்' என்று இனி யாரும் சிகிச்சை நடத்தக் கூடாது. நடத்தினால் சிறை.

எங்கள் பக்கத்தில் பல் டாக்டரைவிட அந்த மாற்றுகிற டாக்டருக்குத்தான் கூட்டம். ரிப்பேர் டாக்டர் என்று பெயர் வைத்தது நான். என் தம்பி, மனைவி போன பிறகு தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவன், மகனைப் பதினெட்டு வயதில் அவரிடம் கொண்டுபோய் விட்டான். பையன் ஓர் ஆணைக் காதலித்ததுதான் நோய். சில மாதங்களில் நோய் போய்விட்டது. கூடவே பாட்டு, சண்டை, பசி எல்லாம் போய்விட்டன. அந்த அறையில் என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. முப்பதைத் தாண்டியும் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் குனிந்த தலை நிமிராமல் லென்ஸ் துடைக்கிறான். "குணமாயிட்டான்" என்பான் தம்பி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம்.

இப்போது மகளும் ஒரு பெண்ணைத்தான் விரும்புகிறாள் என்று தெரிந்து, அவளையும் அங்கேயே சேர்க்கவிருந்தான். அதற்குள் சட்டம் வந்துவிட்டதே! ஒரு வண்டி இனிப்பு (சரி, ஒரு டப்பா) வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பறந்தேன்.

கூடத்தில் ரிப்பேர் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

"வாக்கா," என்றான் தம்பி, என் முகத்தைப் பார்க்காமல். "சார் சும்மா பேசிட்டுப் போக வந்திருக்காரு."

"போர்டைக் கழட்டிட்டீங்களாமே சார்?"

"கழட்டிட்டேம்மா. சிகிச்சைதானே கூடாது? நான் இப்ப குடும்ப நண்பர். நண்பர் வந்து பேசக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க. நண்பர்களை மாடியிலேர்ந்து தள்ளிவிட்டுத்தான் எனக்குப் பழக்கம்."

அவர் சிரித்தார். படுத்துவிடும் என்று நான் நினைத்த தொழில், செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாக நடக்க ஆரம்பித்திருந்தது.

அறைக் கதவோரம் தம்பி மகள் நின்றாள். "போயிடாதீங்க அத்தை," என்றாள். உதடு மட்டுமே அசைந்தது.

அவளுடைய அண்ணன் தேநீர்த் தட்டோடு வந்தான். டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஏதோ யோசிக்கிறவரைப்போல மேசையில் தட்டினார். டொக். டொக்.

தட்டு கீழே விழுந்தது. அவன் கண்களை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி நீட்டினான். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. கொதிக்கும் தேநீர் பாதத்தைச் சுற்றிப் பரவியது, விரல்கூட அசையவில்லை.

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா? இத்தனை வருஷம் கழிச்சும் அப்படியே நிக்குது!"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"வேண்டாம்ப்பா," என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே. "அவளுக்கு வேண்டாம்."

தம்பி அந்த நீட்டிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சார், கிளம்புங்க," என்றான்.

"இருங்க, பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை..."

"கிளம்புங்கன்னு சொல்றேன்ல!"

பேனாவைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே எறிந்தான். அதன் பின்னாலேயே டாக்டரும் போனார். தம்பி தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

மகள் ஓடிவந்து அண்ணனின் பாதங்களை ஈரத்துணியால் துடைத்தாள். எழுந்து, நீட்டியபடியே இருந்த அவன் கைகளை மெல்ல மடக்கி இறக்கினாள். "அண்ணா, போயிட்டாரு. நான் எங்கேயும் போகல."

அவன் கண்ணைத் திறந்தான். "நிஜமாவே போயிட்டாரா?"

"போயிட்டாரு."

மேசையைப் பார்த்தான். "அப்ப யாரு தட்டறாங்க?"

மூவரும் மூச்சை அடக்கிக் கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை.

அவள் மேசையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே தள்ளினாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான்.