ஏழாம் நம்பர் மலை இறங்கி வந்த வருடம்

நரிக்கல் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் யாராலும் கண்ணீர் விட முடியாது. இது முதலில் தெரியவந்தது பழனியாண்டி கங்காணியின் சாவின்போது. சுடுகாட்டுக்குப் போகும் பாதை அந்த மலையைக் குறுக்கே கடந்துதான் போகிறது. பாடைக்குப் பின்னால் விம்மிக்கொண்டு வந்த அவருடைய மகன்கள் மூன்று பேருக்கும் மலை எல்லைக்குள் கால் வைத்ததும் கண்கள் காய்ந்துபோயின. அழுகை இருந்தது, கண்ணீர் இல்லை. எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிய பிறகு மூவருக்கும் சேர்த்து வைத்ததுபோல் கொட்டியது. சாவு வீட்டுக் காரியங்கள் நிறைய இருந்ததால் அன்றைக்கு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தோட்டங்களில் ஒவ்வொரு தேயிலைத் துண்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஒவ்வொன்றையும் மலை என்றுதான் சொல்வார்கள். ஏழாம் நம்பரில் தேயிலை கிழடாகிக் கொழுந்து விடாமல் போனதால் செடிகளைப் பிடுங்கிவிட்டு, சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கான் என்கிற நீளக் குழிகளை வெட்டினார்கள். பெய்கிற மழை ஓடிப்போகாமல் கானில் நின்று மண்ணுக்குள் இறங்க வேண்டும், இறங்கி அடியில் ஊறி, கீழ் லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்திலிருந்த பழைய பீலிக் குழாயில் மறுபடி தண்ணீர் விழ வேண்டும் என்பது திட்டம். மேலே இருந்த காட்டை அழித்ததிலிருந்து அந்தப் பீலி வறண்டு கிடந்தது. வட்டவளைப் பக்கத்தில் மழைக்குக் குறைவே இல்லை. ஆனால் பெய்த மழையெல்லாம் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். கீழ் லயத்துப் பெண்கள் பள்ளத்துக்கு இறங்கி, நனைந்துகொண்டே தண்ணீர் சுமந்து வருவார்கள். கான் வெட்டிய இரண்டாம் வருடம் பீலியில் நூல் போலத் தண்ணீர் வந்தது. அடுத்த மழைக்கு அது கை மொத்தத்துக்கு விழுந்தது. அன்று பீலிக்கரையில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள்.

அதற்குப் பிறகு மலை நன்றாகவே குடிக்கத் தொடங்கியது. அங்கே துப்பிய வெற்றிலைச் சாறு தரையில் படுவதற்குள் காணாமல் போனது. அட்டைகள் சீரகம்போலச் சுருண்டு உதிர்ந்தன. அந்த வழியாக வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதில் சந்தோஷம்தான், அட்டை ஏறாமலிருக்கக் காலுக்குச் சவர்க்காரம் பூச வேண்டியதில்லை. மழை பெய்யும்போதுகூட அங்கே சத்தம் கேட்காது. பக்கத்து மலைகளில் சோவென்று அடிக்கிற மழை ஏழாம் நம்பரின் மேல் மட்டும் ஊமையாக இறங்கும். பிறகு ஒரு சினைப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அங்கே மேய்ந்தது. சாயங்காலம் அது ஈன்ற கன்று நனையாத கன்றாக, வைக்கோலைச் சுற்றிக் கட்டியதுபோல் விழுந்தது. மூச்சே இல்லை. பசு வெகுநேரம் அதை நக்கிப் பார்த்தது.

அந்தக் கன்றைத் தூக்கிப் போட்டவன் வினோஜன். கான் வெட்டிய ஆட்களில் ஒருவனாக இருந்து, பிறகு அந்த மலைக்கே காவல்காரனாக ஆனவன். எல்லையில் சுண்ணாம்பு பூசிய கற்களை நட்டு வைப்பதும், மாடுகளை விரட்டுவதும் அவன் வேலை. கன்றைப் பற்றி அவன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனைவி பிரியந்திக்கு அப்போது மூன்று மாதம். முந்தைய பிள்ளை இதே மூன்றாம் மாதத்தில்தான் கலைந்துபோயிருந்தது. ஆனாலும் பிரியந்திக்குச் சேதி போய்விட்டது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே பிள்ளை கிடப்பதும் தண்ணீரில்தானே என்ற நினைப்பு அன்றைக்கு அவளுக்குள் நுழைந்தது, பிறகு வெளியே போகவில்லை.

அவள் சுற்றுப்பாதையில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒரு நாள் ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது நெற்றி வியர்வை சட்டென்று காய்ந்தது. உதடு வெடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் நம்பரின் எல்லைக் கல் அவளுக்கு மேலே ஒரு செடி தள்ளி நின்றது. முந்தின வாரம் அது அங்கே இல்லை. மறுவாரம் இன்னும் இரண்டு செடி கீழே நின்றது. அன்றைக்கு அவளுக்கு விளங்கியது: மலை இறங்கி வருகிறது. அது வருகிற அளவுக்கு அவளுடைய கணவன் கல்லைப் பிடுங்கிக் கீழே நடுகிறான். அவர்களுடைய காம்பரா கீழ் லயத்தின் கடைசி வீடு, ஆறாம் நம்பர் மலையை ஒட்டியது.

இந்தச் சமயத்தில்தான் எட்டாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் திட்டத்தில் சேர்க்கலாமா என்று பார்க்கச் சுற்றாடல் ஆய்வுக் குழு வந்தது. தலைமை அதிகாரி சிங்களவர், கண்ணியமானவர். அவரோடு வந்த தரணிதரன் ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, நுவரெலியா காரியாலயத்தில் வேலை. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணில் நீர் வடியும் வியாதி. ஏழாம் நம்பரில் கால் வைத்ததும் அது நின்றுபோனதால் அவருக்கு அந்த இடத்தை மிகவும் பிடித்துவிட்டது. இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, அதில் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். கேனைச் சாய்த்ததும் தண்ணீர் வளையத்துக்கு வந்து சேரவே இல்லை. உறிஞ்சும் வேகம் மிக நன்று என்று குறித்துக்கொண்டார்கள். தலைமை அதிகாரி இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல் ஜீப்புக்குத் திரும்பினார்.

பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்காகக் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். புறப்படும் முன் மாமியார் சண்முகவடிவு பிரியந்தியை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“இந்தா பாரு பிரியந்தி, பள்ளத்துல இருந்து தண்ணி சுமந்தே தேஞ்ச இடுப்பு இது. நீ பாட்டுக்கு எந்திரிச்சு எதையாச்சும் சொல்லி அதைக் கெடுத்துப்புடாத.”

“எனக்குப் பயமா இருக்குங்க மாமி.”

“எங்களுக்கும்தான் பயம். அந்தப் பள்ளத்துக்கு மறுபடி எறங்கணுமேன்னு.”

மண்டபத்தில் எல்லாரும் பீலியைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள். பொய் ஒன்றும் இல்லை. பிரியந்தி கடைசியில் எழுந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். “சார், அந்த மலை கீழ எறங்கி வருதுங்க. லயத்துக்கு வந்துரும் போல இருக்கு,” என்றாள். தரணிதரன் அதைச் சிங்களத்தில் சொல்ல, தலைமை அதிகாரி காவல்காரனைக் கேட்கச் சொன்னார். வினோஜன் எழுந்து நின்றான். மனைவியின் பக்கம் பார்க்கவில்லை. “கல்லுக்கு அந்தப் பக்கந்தாங்க சார் இருக்கு. கல்லைத் தாண்டி வரல,” என்றான். அது உண்மை. பிரியந்தி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், பேசமாட்டாள்.

அறிக்கை பிரதேச சபைக் காரியாலயத்தில் மூன்று மொழியிலும் வைக்கப்பட்டது. சில நிபந்தனைகளோடு திட்டம் ஏற்கத்தக்கது என்று அதில் இருந்தது. கர்ப்பிணிப் பெண்களும் சினை மாடுகளும் அந்த நிலத்தைக் கடக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. நிலம் கர்ப்பிணிகளைக் கடக்கக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பெருமழை தொடங்கியது. மலை மழையைக் குடிக்கக் குடிக்க வேகமாக வந்தது. ஆறாம் நம்பரில் பாதி ஊமையாகிவிட்டது. பிரியந்திக்குத் தூக்கம் போனது. படுத்தால் சுவருக்குப் பின்னாலிருந்து மாடு தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் வரும். எழுந்து தண்ணீர் குடிப்பாள். உள்ளே இருக்கிற தண்ணீர் குறைந்துவிடக் கூடாது என்று வயிறு முட்டக் குடிப்பாள். பிள்ளை அசையாத நாட்களில் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, அசைகிற வரைக்கும் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அவளுக்கு அம்மா இல்லை. ஹட்டனில் தெரிந்தவர்கள் இல்லை. பீலியில் தண்ணீர் தொடை மொத்தத்துக்கு விழுந்தது.

மாதம் நிறைவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில், வினோஜன் தோளில் கல்லோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்றைக்குக் கல் நட வேண்டிய இடத்தைத் தேடிப் போனவனுக்கு அது தன்னுடைய அடுப்படிச் சுவருக்கு வெளியே இருந்தது. அங்கே கல்லை வைக்க அவன் கை வரவில்லை.

“பிரியந்தி, எந்திரி. ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம், இப்பவே.”

அவள் அவனைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை, “வலி வந்துருச்சு” என்பதுதான்.

தோட்டத்து லொறியைக் கேட்டு ஓடினார்கள். கீழ் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, லொறி அந்தப் பக்கம் நின்றது. மிட்வைஃப் மிஸ் சரிவின் மேலே ஏறி நடந்து வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் அடுப்படிச் சுவரின் பாசி சாம்பல் நிறமானது. கேத்தலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் ஆவிகூட இல்லாமல் போய், கேத்தல் வெடித்தது. கொடியில் கிடந்த ஈரத்துணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விறைத்தன. உள்காம்பராவில் படுத்திருந்த பிரியந்தியின் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. “என்னைய வெளிய கொண்டு போங்க,” என்று அலறினாள். நாலு பேர் பாயோடு தூக்கி இஸ்தோப்புக்குக் கொண்டுவந்தார்கள். மலை அவர்கள் பின்னாலேயே காம்பராவுக்குள் வந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை. சிமெந்துத் தரையின் ஈரம் மட்டும் ஒரு கோடுபோல வெளுத்துக்கொண்டே வாசலை நோக்கி வந்தது.

சண்முகவடிவு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பீலிக்கு ஓடினாள். குடம் நிறையப் பிடித்துக்கொண்டு வந்து, கோட்டின் முன்னால் கவிழ்த்தாள். தண்ணீர் போன இடம் தெரியவில்லை, ஆனால் கோடு நின்றது. “குடி! நல்லாக் குடி! அவளை விட்டுரு!” என்று அவள் கத்தியதைக் கேட்டு மற்றப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். மண்டபத்தில் பீலியைப் பற்றி நல்லது சொன்ன அத்தனை பேரும் பீலியிலிருந்து இஸ்தோப்பு வரை வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றிக் குடம் கொடுத்தார்கள். வினோஜன் கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வரிசையின் முனையில் நின்று வாங்கி வாங்கி ஊற்றினான். குடம் வரத் தாமதிக்கும்போதெல்லாம் கோடு ஒரு விரற்கடை நகர்ந்தது. அது பாயின் ஓரத்தைத் தொட்டதும் பாய் முறுகிச் சுருண்டது. பீலியில் தண்ணீர் மெலிந்து மெலிந்து நூலாகி, பிறகு சொட்டாகி நின்றது. கடைசிக் குடம் பாதிதான் இருந்தது. அதை ஊற்றிவிட்டு சண்முகவடிவு வெறுங்குடத்தோடு மருமகளுக்கும் கோட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் கைகளின் தோல் வெடித்ததை எல்லாரும் பார்த்தார்கள். அவள் நகரவில்லை.

மிட்வைஃப் மிஸ் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தபோது பிள்ளை பிறந்துகொண்டிருந்தது. பெண் பிள்ளை. உடம்பில் ஒரு துளி ஈரம் இல்லை. பவுடர் போட்டுத் துடைத்து எடுத்ததுபோல உலர்ந்து வந்தது. கன்றைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரியந்தி மட்டும் கண்ணை எடுக்கவில்லை. தூக்கிக் கொடுங்கள் என்று கை நீட்டினாள். அவள் மார்பில் வைத்ததும் பிள்ளை வாயைத் திறந்து, பீலி விழுகிற சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம் போட்டு அழுதது. அப்போதுதான் பீலி மறுபடி விழுகிறது என்பதைக் கவனித்தார்கள். மிட்வைஃப் மிஸ் தொப்புள் கொடியை வெட்டிவிட்டு, பிள்ளை சுகம், எடை சரி என்று எழுதினாள்.

கோடு இஸ்தோப்பு வாசலோடு நின்றுவிட்டது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கீழ் லயத்துப் பெண்கள் பீலியில் பிடிக்கிற முதல் குடத்தை அங்கே ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள், தீட்டு நாளோ திருவிழா நாளோ விடுவதில்லை. அடுத்த ஆய்வுக்கு வந்த தரணிதரன் இதைக் கேட்டு, கீழ் எல்லைக்குத் தினமும் நீர் ஊற்றுவதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்று அறிக்கையில் சேர்த்தார். எட்டாம், ஒன்பதாம் நம்பர் மலைகளின் விஷயத்தை ஒத்திவைத்தார்கள். வினோஜனும் பிரியந்தியும் லயத்தின் மறுகோடியில் ஒரு காம்பரா வாங்கிக்கொண்டு போனார்கள். அவனோடு அவள் இப்போது பேசுகிறாள், ஆனால் முதல் குடத்தை ஊற்ற அவனை விடுவதில்லை, தானே போய் ஊற்றுகிறாள்.

பிள்ளைக்குக் கேஷிகா என்று பெயர் வைத்தார்கள். இப்போது பெரிய பிள்ளைகளோடு ஓடி விளையாடுகிறாள். அம்மா மலைக்கு வேலைக்குப் போகிற நேரத்தில் அவளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகிறாள். அங்கே பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. மற்றப் பிள்ளைகளை எல்லாம் குளிப்பாட்டித் துடைத்து உட்கார வைத்த பிறகு கடைசியாக அவளைக் குளிப்பாட்டுவார்கள். அவள் உட்கார்ந்து எழுந்தால் குளிக்கிற பேசின் தொட்டியில் தண்ணீர் மிஞ்சாது.