அண்ணன் வைத்துவிட்டுப் போன வாளி

அண்ணன் தன் வீட்டு மாடிச் சுவருக்கு நீலப் பெயிண்ட் அடித்தபோது, ஒட்டியிருந்த தம்பி வீட்டு வெளிச்சுவரில் நாலைந்து சொட்டு தெறித்துவிட்டது. உடனே வாளித் தண்ணீரும் ஸ்பாஞ்சுமாக ஓடிவந்தார்.

“ஈரம் காயறதுக்குள்ள தொடச்சா போயிடும்டா.”

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். “என் சுவத்துல கை வைக்காதீங்க. உங்க லட்சணத்த ஊரே பாக்கட்டும்.”

அண்ணன் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

ஊருக்கு வேறு வேலை இருந்தது. வாசலில் நின்று அந்தச் சொட்டுகளைத் தினமும் பார்த்தவன் தம்பி ஒருவன்தான். கடைசியில் பொறுக்க மாட்டாமல் கம்பி பிரஷ்ஷால் வீம்பாகத் தேய்த்தான். பெயிண்ட் போனது, கூடவே பூச்சும் மணலாக உதிர்ந்து, செங்கல் பல்லிளித்தது. ஒரு குவளைத் தண்ணீரில் போயிருக்க வேண்டியது.

வற்றிக் கிடந்த வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினான். அண்ணி திறந்தாள்.

“அண்ணன் மீதியும் அடிக்கணும்ல, வாளி வேணுமேன்னு...”

“அந்தப் பக்கம் இனி அடிக்க மாட்டாராம் தம்பி. மறுபடி உங்க சுவத்துல தெறிச்சிடும்னு விட்டுட்டாரு.”

தம்பி திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தான். இத்தனை நாளும் முறைத்துக்கொண்டு நின்ற இடத்துக்கு நேர் மேலே, அண்ணன் வீட்டு நீலம் பாதியோடு நின்றிருந்தது.