வசவாகப் பிறந்த பாட்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஞாயிறு ஆராதனை முடிந்து, சபையின் சமையலறையில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது. நாங்கள் கைதட்டிப் பாடுகிற ‘மீதி தூரம் நட’ பாட்டை யார் எழுதியது என்று, பக்கத்தில் நின்ற வயதான ஐடெல்லாவிடம் கேட்டேன்.

“யாரும் எழுதல. நான் ஒரு ஆளைத் திட்டினேன். அதத்தான் நீங்கல்லாம் பாடிக்கிட்டுத் திரியிறீங்க.”

2

இதை எழுத உட்கார்ந்தபோது முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி கொட்டிய ஒரு காலையில், விண்ணிலிருந்து ஒரு ராகம்…

வேண்டாம். விண்ணிலிருந்து எதுவும் வரவில்லை. வந்தவர்கள் மிசிசிப்பியிலிருந்து ரயிலில் வந்தார்கள். 1930களின் தொடக்கம். சிகாகோவில் வேலை இருக்கிறது என்று அமோஸ் ட்ரெட்வெல் தன் மனைவி லவீனியாவைக் கூட்டி வந்தார். அவளைப் பிரிய முடியாமல் தங்கை ஐடெல்லாவும் வந்தாள். அடுத்த குளிர்காலத்தில் லவீனியா நிமோனியாவில் இறந்தாள். இந்தக் குளிருக்கு இழுத்து வந்து அக்காவைக் கொன்றது நீதான் என்று ஐடெல்லா அமோஸிடம் சொன்னாள். அதோடு பேச்சு நின்றது.

3

கசாப்புக் கடையாக இருந்த இடத்தில்தான் சபை கூடியது. பாட்டுப் புத்தகம் வாங்க வசதியில்லை. டீக்கன், அதாவது சபையின் உதவி ஊழியர், ஒரு வரியைச் சொல்வார். சபை அதை வாங்கி இழுத்துப் பாடும். அந்த டீக்கன் அமோஸ். மனைவியின் சவப்பெட்டிக்கு முன்னாலும் அவர்தான் வரி சொல்ல வேண்டும். இரண்டாவது வரியில் குரல் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஐடெல்லா எழுந்தாள்.

(‘கண்ணீர் வழிய எழுந்தாள்’ என்று எழுதியிருந்தேன். ஐடெல்லாவிடம் படித்துக் காட்டியதும், “கண்ணீராவது! கோவம்” என்றார். அடித்துவிட்டேன்.)

எல்லோர் முன்னாலும் பழி சொல்லப் போகிறாள் என்று பயந்து போதகரும் பாதி எழுந்துவிட்டார்.

“எந்திரி, அமோஸ். நடு வழியில உக்காராதே. அக்கா உன்ன நம்பித்தான வந்தா? மீதி தூரம் நட.”

திட்டுதான். ஆனால் பருத்திக் காட்டில் கூவிப் பழகிய தொண்டை; சொல் ராகமாகவே வெளியே வந்தது. வரியில்லாமல் தவித்த சபை அதைப் பிடித்துக்கொண்டது: மீதி தூரம் நட. பியானோவில் இருந்த ஹோசியா மற்ற நாட்களில் மதுக்கடையில் ஆட்டத்துக்கு வாசிப்பவன். இங்கே அடக்கி வாசி என்று சொல்லியிருந்தார்கள். அன்று அவன் இடதுகை அடங்கவில்லை. சவப்பெட்டிக்கு முன்னால் யாரோ கைதட்டினார்கள். அமோஸ் எழுந்து நின்று, அடுத்த வரியைத் தானே கட்டிச் சொன்னார்: “காலு ஓஞ்சாலும்…”

(காஸ்பெல் என்கிற இந்தச் சபை இசை எங்கே பிறந்தது என்று விவாதிக்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஒப்பாரியும் ஆட்டப்பாட்டும் ஒரே பெஞ்சில் உட்கார இடம் கொடுத்த மனிதர்களை அதைவிட மதிக்கிறேன்.)

4

அதன்பின் ஞாயிறுதோறும் அமோஸ் வலப்பக்கமிருந்து வரி சொல்ல, இடப்பக்கமிருந்து முதல் பதில் ஐடெல்லாவுடையது. அவர் இறக்கும்வரை அப்படித்தான். வாசலுக்கு வெளியே ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: தெருப்பனியில் அவர் வழுக்க, அவள் கையைப் பிடித்து… இல்லை, அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்னொன்று: அவள் கடைசிவரை மன்னிக்கவேயில்லை. அந்தக் குரலைக் கேட்ட என்னால் இதையும் எழுத முடியவில்லை.

மன்னித்தீர்களா என்று ஐடெல்லாவிடமே கேட்டேன்.

“அவரு வரி சொல்லி நான் பதில் குடுக்காம இருந்ததே இல்ல. அதுக்கு என்ன பேரோ, நீயே வச்சுக்க.”

எனக்குப் பேர் அகப்படவில்லை. நீங்கள் வையுங்கள்.